நாற்பத்தொன்றாம் எண் மூட்டை

ஏப்ரல் 3

அண்ணிக்கு,

நான்தான். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடத் தோன்றும். கிழிப்பதற்கு முன்னால் ஒரு தடவை படித்துவிடுங்கள். போன் அடித்தால் எடுப்பதில்லை. வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதனால் லாரி டிரைவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். காலிச் சாக்குகளோடு வந்து சேரும். நல்ல மனுஷன், பிரித்துப் படிக்க மாட்டார்.

விஷயம் இதுதான். நாற்பத்தொன்று என்று எண் அட்டை கட்டிய மூட்டைகள் இங்கே வந்துகொண்டிருக்கின்றன.

முதல் மூட்டை போன ஆகஸ்டில் வந்தது. நம் டமாரம், உங்கள் வாயாடி மகள், போய் அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பாட்டில் பிரிக்கிற உங்கள் ஷெட்டில் ஒருத்தர் போனால் அவர் எண்ணை அடுத்து வருகிறவருக்குக் கொடுப்பதுதானே வழக்கம். அப்படி யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டேன். போன வாரம் டிரைவரிடம் சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன், நாற்பத்தொன்றில் இப்போது யார் உட்காருகிறார்கள் என்று.

"அந்த இடத்துல யாரும் உக்கார்றதில்லையேம்மா. ஷெட்டுக்குள்ள நான் போறப்பல்லாம் காலியாத்தான் கிடக்கு" என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் வேலை உங்களுக்குத் தெரியும். வருகிற மூட்டையை மேஜையில் கொட்டி ஒவ்வொரு பாட்டிலாகக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும். அடியில் புள்ளி இருந்தால் சரியான பாட்டில், கோடு இருந்தால் பிவிசி, கலக்கக் கூடாத வேறு பிளாஸ்டிக். ஆயிரம் பாட்டிலில் ஒரு பிவிசி போனாலும் உருக்கும்போது அது கருகிவிடும். பாட்டிலை உருக்கி இழுக்கிற மொத்த நூலும் கறுப்புப் புள்ளி விழுந்து அறுந்துகொண்டே இருக்கும். எப்பேர்ப்பட்ட கைகாரி பிரித்தாலும் மாதத்துக்கு ஒன்றிரண்டு தப்பிப் போகத்தான் செய்யும். எட்டு மாதமாக நாற்பத்தொன்றில் ஒன்றுகூட வரவில்லை அண்ணி.

நான் மட்டும் கவனித்திருந்தால் பரவாயில்லை. நூல் வாங்கிச் சட்டை தைக்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களும் கவனித்துவிட்டார்கள். எந்த மூட்டை யார் கையில் பிரிந்தது என்று அவர்கள் கம்ப்யூட்டரில் தெரிகிறது. நாற்பத்தொன்றைப் பார்க்க வேண்டுமாம், போட்டோ எடுக்க வேண்டுமாம். இருபத்தெட்டாம் தேதி உங்கள் ஷெட்டுக்கு வருகிறார்கள்.

யார் பிரிக்கிறார்கள் என்று தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 6

பரிசோதனை மேஜை அம்மாவுக்கு,

மூட்டை சுத்தமாக இருக்கிறதா இல்லையா? சுத்தமாக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். உங்களுக்கு அதுதான் கைவந்த வேலையாயிற்றே.

வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

பதினேழாம் எண்


ஏப்ரல் 9

அண்ணிக்கு,

திட்டியாவது எழுதினீர்களே. அந்த மூன்று வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது.

அன்றைக்கு அந்தத் திருப்புச் சீட்டை எழுதியது நான்தான். இல்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. "நாற்பத்தொன்று, மாப்பிள்ளை ஒன்று, திருப்பவும்" என்று என் கையால் எழுதினேன். பிவிசிக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்ததே அவள்தானே. "பாக்கப் பளபளன்னு இருக்கும் அத்தை, உள்ள விட்டா குடும்பமே நாசம்" என்பாள். இந்தத் தொழிற்சாலையில் இன்றைக்கும் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். யார் வைத்த பேர் என்று ஒருத்தருக்கும் தெரியாது.

அதற்கு முன்னால் இரண்டு தடவை அவள் மூட்டையில் தப்பு வந்து, நானே அதை எடுத்துத் தூர எறிந்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன். அண்ணன் மகள் என்று விடுகிறாள் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. மூன்றாவது தடவை மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். எழுதினேன். திருப்பிய மூட்டையை அந்த எண்காரர்தான் அன்றைக்கே மறுபடி பிரிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதைப் பிரிக்க உங்கள் ஷெட்டில் பழைய அட்டைப்பெட்டிக் கட்டுகளுக்கு அடியில்தான் இடம் ஒதுக்கியிருந்தார்கள் என்பது தெரியாது. அவள் மேல் சரிந்த அந்தக் கட்டுகளை ஆறு அடுக்கு ஏற்றியிருந்தார்கள் என்பதும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது அண்ணி.

இன்னொன்று சொல்ல வேண்டும். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நேற்று வந்த நாற்பத்தொன்றில் சாக்கு வாயைக் கட்டியிருந்த முடிச்சைப் பார்த்தேன். இடது கை முடிச்சு. உங்கள் ஷெட்டில் இடது கைக்காரி அவள் ஒருத்திதான். நான் அதை அவிழ்க்காமல் சாக்கையே கத்தியால் அறுத்தேன். முடிச்சைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இருபத்தெட்டாம் தேதி வருகிறவர்கள் நாற்பத்தொன்று எங்கே என்று கேட்டு, ஆளே இல்லை என்றால், பொய் எண் கொடுத்ததாக உங்கள் ஷெட்டையே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அறுபது பெண்கள் வீட்டில் உட்கார வேண்டும். மேனேஜர் என்னிடம் இரண்டு தடவை கேட்டுவிட்டார், "உங்க சொந்தக்காரங்க இருக்கிற ஷெட்தானே, யாருன்னு தெரியாதா?" என்று. தெரியாது என்றேன். அதுவாவது உண்மைதானே?

நாத்தனார்


ஏப்ரல் 14

நாத்தனாருக்கு,

நான் ஐந்தாவதோடு நின்றவள். நீளமாக எழுதிப் பழக்கமில்லை. அங்கங்கே அடித்திருப்பேன், பொறுத்துக்கொள்.

நான்தான் பிரிக்கிறேன்.

அவள் காரியம் முடிந்து நான் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், மேஸ்திரி மூட்டையில் கட்டுகிற அவள் எண் அட்டைகளை ஒரு புதுப்பெண்ணிடம் நீட்டிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பிடுங்கிக்கொண்டேன். "அக்கா, நம்பர் சும்மா இருந்தா கணக்குக் காட்டணும்" என்றார். "சும்மா இருக்காது, வாரத்துக்கு ரெண்டு மூட்டை வரும், உனக்கு வேண்டியது மூட்டைதானே" என்றேன். அந்த மனுஷனும் பாவம், என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெண்ணுக்கு வேறு எண் எடுக்கப் போய்விட்டார்.

சாப்பாட்டு மணி அடித்ததும் எல்லோரும் வெளியே குழாயடிக்குப் போவார்கள். நான் என் இடத்திலிருந்து எழுந்து அவள் இடத்தில் போய் உட்காருவேன். அப்போதெல்லாம் டிரைவர் உள்ளே வருவதில்லை. அதனால்தான் காலியாகக் கிடக்கிறது என்று சொல்லியிருக்கிறார்.

எப்படிப் பிரிக்கிறேன் என்று உனக்கு மட்டும் சொல்கிறேன். கண்ணை மூடிக்கொள்கிறேன். பாட்டிலைச் சிமெண்டுத் தரையில் ஒரு தட்டு தட்டுவேன். நல்ல பாட்டில் 'டொக்' என்று பேசும். பிவிசி வாயை மூடிக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். அவள் அப்படித்தான் பிரிப்பாள். கண் ஏமாறும், காது ஏமாறாது என்பாள். என் காதுக்கு அந்த வித்தை வராது நாத்தனாரே. அவள் இருந்தபோது எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்தும் வரவில்லை. "உனக்கு ரெண்டு காதும் கம்மல் மாட்டத்தான்" என்று கேலி செய்வாள். இப்போது அவள் இடத்தில் உட்கார்ந்து தட்டினால், தட்டின உடனே பக்கத்திலிருந்து குரல் வருகிறது. "நம்ம ஆளு. நம்ம ஆளு. நம்ம ஆளு. ம்மா, மாப்பிள்ள!" நான் அதை எடுத்துத் தனியாக வைக்கிறேன். என் வேலை அவ்வளவுதான்.

முடிச்சு எப்படி விழுகிறது என்று எனக்குத் தெரியாது. நீ எழுதிய பிறகு நேற்று கண்ணைத் திறந்து பார்த்தேன். என் இடது கைதான் கட்டியது. அந்தக் கையால் எனக்கு ஊசியில் நூல்கூடக் கோக்க வராது.

எனக்குப் பைத்தியம் என்று நினைக்காதே. என் சொந்த மூட்டையைக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பிரிக்கிறேன். அதில் தப்பு இருக்கிறது. என் கண் போய்க்கொண்டிருக்கிறது, புள்ளியும் கோடும் ஒன்றாகத் தெரிகிறது. பதினேழில் வாரத்துக்கு இரண்டு மூன்று மாப்பிள்ளையாவது வந்திருக்கும். ஆனால் ஒரு திருப்புச் சீட்டும் எனக்கு வரவில்லை. ஏன் என்று தெரியாதவள் இல்லை நான். எட்டு மாதமாக நீ என்ன செய்கிறாய் என்று தெரிந்தும், ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தேன். கேட்டால் உன்னோடு பேச வேண்டி வருமே.

பிரிப்பது யார் என்று நீ கேட்டாய், சொல்லிவிட்டேன். நிறுத்து என்று மட்டும் சொல்லாதே. வீட்டில் அவள் இல்லை. அவள் துணி, சீப்பு எல்லாம் இருக்கிறது, அவள் இல்லை. படத்தைப் பார்த்தாலும் ஒன்றும் வரவில்லை. அந்த அரை மணி நேரம், அந்தத் தரையில், அந்த எண்ணில்தான் இருக்கிறாள். இந்த எண் செத்தவளுடையது என்று நான் வாயால் சொல்லிவிட்டால் அவள் அங்கிருந்தும் போய்விடுவாள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அண்ணி


ஏப்ரல் 18

அண்ணி,

பைத்தியம் என்று நினைக்கவில்லை. முடிச்சை இங்கே வைத்திருக்கிறேனே, நான் எப்படி நினைப்பேன்?

பதினேழில் வருகிறதை எடுத்து என் மேஜைக்கு அடியில் ஒரு பெட்டியில் போடுகிறேன். பெட்டி நிறைந்துவிட்டது. உங்களுக்குத் திருப்புச் சீட்டு எழுத என் கை மறுபடி போகுமா? நினைத்துப் பாருங்கள்.

அவசரமாக எழுதுகிறேன், டிரைவர் ஹாரன் அடிக்கிறார். மேனேஜர் உங்கள் மேஸ்திரியிடம் போனில் பேசினதைக் கேட்டேன். "யாராவது ஒரு பொண்ண உக்கார வை, பாக்க லட்சணமா இருக்கணும், ஒரு மணி நேரம்தான்" என்றார். அட்டைப்பெட்டி கட்டுகிற பக்கத்திலிருந்து யாரையோ கொண்டுவரப் போகிறார்கள். அந்த இடத்தில், அந்த எண்ணைக் கழுத்தில் மாட்டி. முன்கூட்டியே தெரிந்தால் தாங்கிக்கொள்வீர்கள் என்றுதான் எழுதுகிறேன். அன்றைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருங்கள் அண்ணி. உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

நாத்தனார்


ஏப்ரல் 30

நாத்தனாருக்கு,

நான் லீவு போடவில்லை.

காலையிலேயே ஷெட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈ கூட இல்லை. அட்டைக் கட்டுகளை இரண்டு அடுக்காக இறக்கி, மேலே புது நீலத் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். பத்து மாதமாக இறக்க முடியாது, இடமில்லை என்று சொன்னவர்கள் ஒரே காலையில் இறக்கியிருந்தார்கள்.

அவள் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தது. பத்தொன்பது இருபது வயசிருக்கும். தலையில் பூ வேறு வைத்துவிட்டிருந்தார்கள். கழுத்தில் நாற்பத்தொன்று.

"கழட்டு" என்றேன்.

அது பயந்துபோய், "அத்தை, நானா கேக்கல, அவங்கதான் மாட்டிவிட்டாங்க" என்றது.

மேஸ்திரி ஓடி வந்தார். "அக்கா, வம்பு பண்ணாத. ஒரு மணி நேரம் உக்காந்துட்டு எந்திரிச்சுப் போகப்போறா. உனக்கு என்ன போச்சு?"

"எனக்குப் போனது என்னன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா. அறுபது பேர் அடுப்புல தண்ணி ஊத்திடாத. கால்ல வேணா விழறேன்."

அவர் நிஜமாகவே குனிந்துவிட்டார். அந்தப் பெண் அதற்குள் அட்டையைக் கழற்றி என் கையில் வைத்துவிட்டு ஓடியே போய்விட்டது. வாசலில் கார் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் அட்டையை என் கழுத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்த நேரத்தில் வேறு ஒன்றும் தோன்றவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் உள்ளே வந்தார்கள், ஒரு ஆணும் ஒரு பெண்ணும். அந்தப் பெண் கையில் கேமரா. உன் மேனேஜர் கூடவே வந்து அவர்கள் சொல்வதை எங்களுக்கும் நாங்கள் சொல்வதை அவர்களுக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆள் என் எதிரில் தரையிலேயே சப்பணமிட்டு உட்கார்ந்தார். விலை உயர்ந்த பேண்ட். ஒரு பாட்டிலை எடுத்துக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே என்னவோ சொன்னார். நல்ல முகம். கெட்டவர் இல்லை.

"சார் என்ன சொல்றார்னா," என்றார் மேனேஜர், "இங்க எதுவுமே வீணாப் போறதில்ல. ஒரு தடவ போனது மறுபடி திரும்பி வந்துடுது. அந்தச் சுத்துல முதல் கை உங்க கைன்னு சொல்றார்."

அதுவரைக்கும் நான் வாயைத் திறப்பதாகவே இல்லை, நாத்தனாரே. அந்த வார்த்தைதான் என்னைப் பேச வைத்துவிட்டது.

"எல்லாம் திரும்பி வருதுங்கறீங்க. என் பொண்ணு வரலையே சார்" என்றேன். "இந்த நம்பர் என்னுது இல்ல. என் பொண்ணோடது. அதோ, நீலப் பாய் போத்தியிருக்கீங்களே, அதுக்கு அடியிலதான் கட்டு சரிஞ்சு செத்தா. எட்டு மாசமா அவ நம்பர்ல நான் பிரிச்சு அனுப்பறேன்."

சொல்லிவிட்டேன், இனி என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று இருந்தது.

மேனேஜர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம் அவர்கள் பக்கம் திரும்பி, சிரித்த முகமாக, நிதானமாக, நான் சொன்னதைவிட நீளமாகச் சொன்னார். அந்த வெளிநாட்டுப் பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர். அப்புறம் கை தட்டினாள். அந்த ஆளும் தட்டினார். மேனேஜர் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினதும் மேஸ்திரி தட்டினார், எல்லோரும் தட்டினார்கள். அட்டைப் பக்கம் போய் ஒளிந்துகொண்ட அந்தப் பெண்ணும் தட்டியது.

என் மகள் செத்ததைச் சொன்னேன், கை தட்டினார்கள்.

அவர்கள் போன பிறகு மேனேஜரைக் கேட்டேன், என்ன சார் சொன்னீங்க என்று.

"உங்க பொண்ணுக்காகத்தான் இவ்வளவு சுத்தமா வேலை செய்யறீங்கன்னு சொன்னேன். ஏன், அது பொய்யா?"

பொய்யில்லையே.

"இனிமே நாற்பத்தொண்ணு நீங்கதான். பழைய நம்பர வேற யாருக்காவது கொடுத்துடலாம். ரெக்கார்டுல ஆரம்பத்துலேருந்தே நீங்கன்னு மாத்திடறோம். யாருக்கும் தொல்லையில்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆரம்பத்திலிருந்தே நான் என்றால் அவள் எப்போது இருந்தாள்? அவள் பிரித்த இரண்டு வருஷத்து மூட்டை யாருடையது? அவள் செத்தாள் என்று சொன்னால் போய்விடுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். இவர்கள் அவள் பிறக்கவே இல்லை என்று ஆக்கிவிட்டார்கள்.

இன்றைக்குச் சாப்பாட்டு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். குரல் வந்தது. ஆனால் சிரிப்பில்லாமல் வந்தது.

அண்ணி


மே 6

அண்ணி,

தொழிற்சாலை வாசலில் உங்கள் படத்தை ஒட்டிவிட்டார்கள். ஆள் உயரம். கீழே நாற்பத்தொன்று. காலையில் உங்கள் முகத்தைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. படத்தில் நீங்கள் கேமராவைப் பார்க்கவில்லை. அந்த நீலத் தார்ப்பாயைப் பார்க்கிறீர்கள். வேறு யாருக்கும் அது தெரியாது.

நான் ஒரு காரியம் செய்துவிட்டேன்.

மூட்டைக்கு மூட்டை கம்ப்யூட்டரில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஈரம், அழுக்கு, கலப்பு, சுத்தம், இப்படி ஏதாவது ஒரு வார்த்தை அடிப்பேன். அந்தக் கட்டம் மூட்டையோடு போகும். நூலோடு போகும். துணியோடு போகும். அந்தச் சட்டைக் கம்பெனி வரைக்கும் போகும், நடுவில் யாரும் அழிக்க முடியாது. அழிக்க முடியாத மாதிரிதான் அவர்களே செய்து வைத்திருக்கிறார்கள், ஏமாற்று நடக்கக் கூடாது என்று. எண்ணுக்கு நேரே இருக்கிற பேரை மேனேஜர் மாற்றலாம். அந்தக் கட்டத்தில் சேர்க்கலாம், அடித்ததை மாற்ற முடியாது.

ஆகஸ்டிலிருந்து வந்த நாற்பத்தொன்று எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து, முன்பு அடித்த வார்த்தைக்குக் கீழே ஒரே வாசகத்தைச் சேர்த்து அடித்தேன். "இந்த எண்ணுக்குரிய பெண் போன ஜூன் 9 அன்று ஷெட்டில் அட்டைக் கட்டு சரிந்து இறந்துபோனாள். திருப்பி வந்த மூட்டையைப் பிரிக்க உட்கார்ந்திருந்தாள். திருப்பியது நான். இந்த மூட்டையை அவளுடைய அம்மா பிரித்தார்." அவர்கள் மொழியில் எழுத எனக்குத் தெரியாது. நம் மொழியிலேயே அடித்தேன். வேண்டும் என்றால் யாரையாவது கேட்டுப் படித்துக்கொள்ளட்டும்.

முடிக்க இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் மேனேஜர் கூப்பிட்டார். கத்தவில்லை. "ஏம்மா, உங்க பேரையும் சேர்த்துத்தானே எழுதியிருக்கீங்க, யோசிச்சீங்களா?" என்றார். யோசித்தேன் என்றேன். திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்றார்.

மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியைக் காலி செய்து கொடுத்துவிட்டு வந்தேன். இனி உங்கள் மூட்டையை வேறொருத்தி பார்ப்பாள். கண்ணாடி ஒன்று வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள் அண்ணி. அவள் விட மாட்டாள்.

இனிமேல் எழுதினால் வீட்டு விலாசத்துக்கு எழுதுங்கள். எழுதுவீர்களா?

நாத்தனார்


ஜூன் 12

என் நாத்தனாருக்கு,

ஒரு மாதமாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

நேற்று ஒரு பெண் வந்தாள். அந்தச் சட்டைக் கம்பெனி அனுப்பியதாம். நம் மொழி பேசுகிறவள், உன் வயசிருக்கும். மேனேஜர் அவளோடு வரவில்லை. மேஸ்திரியையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டாள். நீ அடித்ததை ஒரு தாளில் எடுத்து வைத்திருந்தாள். "இத எழுதினவங்களப் பாத்துட்டுத்தான் வரேன்" என்றாள். உன்னைப் பற்றிக் கேட்டேன். வேலையைப் பற்றியும் கேட்டேன். பார்க்கிறோம் என்றாள். பார்க்கிறோம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும், ஆனாலும் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு அடுக்கு, அந்த மூலை, திருப்பிய மூட்டையை அங்கேதான் பிரிக்க வேண்டும் என்ற சட்டம். அவள் எழுதிக்கொண்டே வந்தாள். ஒரு இடத்தில் நிமிர்ந்து, "அந்த பிவிசி பாட்டில் அவங்க மூட்டைக்குள்ள எப்படிப் போச்சு? அவங்க தட்டிப் பாத்தா அபூர்வமாத்தான் தப்புமாமே" என்றாள்.

ஒரு வருஷமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. உன் வாயிலிருந்து வந்துவிடுமோ என்றுதான் உன்னை வீட்டு வாசலிலேயே நிறுத்தினேன். "அனுப்பிவச்சவளே, இப்ப யாரப் பாக்க வந்த?" என்று ஊர் கேட்கக் கத்தினேனே, அது உன்னைப் பார்த்துக் கத்தியது இல்லை.

அவள் போனதற்கு முந்தின நாள், லாரி கிளம்புகிற நேரம். அவள் தண்ணீர் குடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். அவள் மூட்டையில் கால்வாசி குறைந்தது. நான் என் குவியலிலிருந்து இரண்டு கை அள்ளி அவள் சாக்கில் போட்டேன். தட்டிப் பார்க்கவில்லை. அடியைப் பார்த்தேன், புள்ளி போலத்தான் தெரிந்தது. அவளிடம் சொல்லவும் இல்லை.

மறுநாள் மூட்டை திரும்பி வந்தது. அவள் மூலையில் கொட்டி, தட்டித் தட்டிப் பார்த்து அதைக் கண்டுபிடித்துவிட்டாள். கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் என் இடத்தில் இருந்தேன். தெரிந்துகொண்டாள். என் கண் போகிறது என்று மேஸ்திரிக்குத் தெரிந்தால் என்னை வேலையை விட்டு எடுத்துவிடுவார்கள். அதனால் சத்தமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என் தப்புதான் மேஸ்திரி, நேத்துத் தூக்கக் கலக்கம்" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி மெதுவாக, "ம்மா, இந்த மாப்பிள்ள உன் பக்கத்துச் சொந்தம் போலிருக்கு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கட்டு சரிந்துவிட்டது.

நீ உண்மையான சீட்டுத்தான் எழுதினாய். தப்பு என் கையில் இருந்தது. அவள் குரலைக் கேட்டுப் பிரிக்கிறேன் என்று உனக்கு எழுதினேனே, அவ்வளவு நாளும் அவள் வாயால் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக்காட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகப் பயம்.

இதெல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டாள். "இத எழுத வேண்டாம்மா. கட்டு சரிஞ்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றாள்.

"எழுதுங்க" என்றேன். "அவ எழுதினதுல திருப்பியது நான்னு இருக்கில்ல, அதுக்குக் கீழேயே போட்டது அம்மான்னு எழுதுங்க. எழுதிட்டு எனக்குப் படிச்சுக் காட்டுங்க."

எழுதினாள். படித்துக் காட்டினாள். நான் சொன்னபடியே இருந்தது, ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கண் விஷயம் வெளியே வந்துவிட்டது, இனி மேஸ்திரி என்ன செய்வாரோ செய்துகொள்ளட்டும். நாற்பத்தொன்று என்ற எண்ணை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். என்னிடம் இருந்த மீதி எண் அட்டைகளைக் கொடுத்துவிட்டேன். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

அவள் போனபோது சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் குழாயடிக்குப் போனார்கள். பழக்கத்தில் கால் அந்த இடத்துக்குத்தான் போனது. உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டிலை எடுத்துத் தரையில் தட்டினேன். இன்னொன்றைத் தட்டினேன். பத்துப் பதினைந்து தட்டியிருப்பேன்.

எல்லாம் ஒரே மாதிரி கேட்டது. எது நல்லது எது கெட்டது என்று எனக்குத் தெரியவில்லை.

அண்ணி